வாடைக் காற்றில் உள்ளான் பார்க்க: ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும்: "மழைன்னு சொல்றாங்களே, டிக்கெட்டை ரத்து பண்ணிடட்டுமா?" மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பல வருடங்களாகக் கரையோரப் பறவைகளைப் பார்த்துவருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கரையோரப் பறவை என்று நான் சொல்வது, சேற்றிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் நடந்து இரை தேடுகிற உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் வகைகளை. இங்கே கோட்டான் என்றால் ஆந்தை இல்லை; மூக்கு நீண்டு கீழ்நோக்கி வளைந்த பெரிய கரைப்பறவை.

மழையிலும் காற்றிலும் எதற்காகப் போக வேண்டும்? வெயில் நாளில் பார்த்தால் போதாதா?

வெயில் நாளில் காலை எட்டு, எட்டரைக்கெல்லாம் உப்பளத்தின் மேல் கானல் எழும்பிவிடும். இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிற பறவையின் கால் நெளியும், மூக்கு கலங்கும். எவ்வளவு விலை உயர்ந்த தொலைநோக்கிக் கண்ணாடி வைத்திருந்தாலும் அந்தக் கானலைத் தாண்டிப் பார்க்க முடியாது. மூட்டமான நாளில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளுக்கிற அரை மணி நேரத்தில், சேற்றின் மறுகோடியில் நிற்கும் பறவையின் இறகு ஓரம்கூடத் தெரியும்.

இன்னொரு காரணம், காற்று பறவைகளை ஒன்றுசேர்க்கிறது. அமைதியான நாளில் மைல் கணக்கில் சிதறி மேய்கிறவை, காற்று பலமானதும் மறைவான ஓரிரு இடங்களுக்கு வந்து நெருக்கமாக நிற்கும். பத்து வகைகளைப் பத்து இடத்தில் தேடாமல் ஒரே கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நாட்களில் கற்றதுதான்.

எந்த மாதத்தில் வரலாம்?

ஆவணிக் கடைசியிலிருந்தே பறவைகள் வடக்கிலிருந்து வரத் தொடங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடையும் அடைமழையும் மாறி மாறி வரும். ஜனவரி, பிப்ரவரியில் மழை ஓய்ந்து காற்று மட்டும் இருக்கும். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவதற்கு முன்னால் கொழுத்து, சிலவற்றுக்கு இனப்பெருக்கக் காலச் சிவப்பு நிறமும் ஏறியிருக்கும். கரடுமுரடான வானிலையில்தான் பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை.

காற்று பலமாக அடிக்கிற நாளில் எந்தக் கரைக்குப் போவது?

இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்தில் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாது, ஒன்று முரடு என்ற கணக்கு. அந்தப் பெயரை நம்பி மார்கழியில் பெண்கடல் பக்கம் போய் நின்றால் நிற்கவே முடியாது. வாடை வடகிழக்கிலிருந்து நேராகப் பாக் நீரிணை மேல் வருகிறது. அந்த மாதங்களில் கொந்தளிப்பது வடக்குக் கரை, அடங்கியிருப்பது தெற்குக் கரை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஆகவே வாடை நாளில் குந்துகால், புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, வாலிநோக்கம் என்று தெற்குக் கரையைப் பிடியுங்கள். கச்சான் நாளில் பிள்ளைமடம், ஆற்றங்கரை, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, காரங்காடு என்று வடக்குக் கரை. பறவைகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன.

காற்று வெறுமனே அலையை மட்டும் எழுப்புவதில்லை, தண்ணீரையே தள்ளுகிறது. நாலைந்து நாள் விடாமல் வாடை அடித்தால் பாக் நீரிணையின் தண்ணீர் தெற்கே ஒதுங்கி, நம் வடக்குக் கரைச் சேறு முழுவதும் மூடிப்போகும். மேய்ச்சல் தரையே இல்லாமல் போன உள்ளான்கள் பின்னால் இருக்கிற உப்பளத்துக்கும் களர் நிலத்துக்கும் ஏறிவரும். கரையில் ஒன்றையும் காணோமே என்று திரும்பிவிடாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஊர்ப்பக்கம் பாருங்கள்.

தனுஷ்கோடி சாலை இதில் தனி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பக்கமும் தண்ணீர். எந்தக் காற்று அடித்தாலும் சாலை மேட்டின் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் மறைவாக இருக்கும். அந்த மறைவுப் பக்கத்தைத்தான் அவையும் தேடி வருகின்றன, நாமும் தேட வேண்டும்.

ஓதம் ஏறி வற்றும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிட்டால் போதுமா?

பாதிதான் உதவும். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாளிலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒரு முழம், ஒன்றரை முழம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காற்று சுலபமாக அழித்துவிடும். அட்டவணையில் நீர் வற்றும் என்று போட்டிருக்கும், வாடை தள்ளிக்கொண்டிருப்பதால் சேறு வெளிப்படவே வெளிப்படாது. நான் முதலில் காற்றைப் பார்ப்பேன், அப்புறம்தான் அட்டவணை. கரையில் வலை தட்டிக்கொண்டிருக்கிற யாரிடமாவது "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி?" என்று கேட்டால் எந்தச் செயலியும் சொல்லாத பதில் கிடைக்கும்.

வைகை அணையில் மழைநாளில் பறவை பார்த்துப் பழக்கம் உண்டு. இங்கே என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள். 1959-இல் திறந்த வைகை அணையிலிருந்து விடுகிற தண்ணீர் கடைசியில் வந்து சேருவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. மிஞ்சினால்தான் ஆற்றங்கரையில் கடலைத் தொடும்.

மேட்டு நிலத்து நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் மாறும். மழை பெய்தால் ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும். ஓரத்துச் சேறு வெளிப்படும் காலத்தில்தான் கரைப்பறவைகளுக்கு வேலை. காற்று நாளில் அங்கே நுரையும் பூச்சியும் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அந்தக் கரையோரமாகவே அவை நடக்கும். அதனால் காற்று போய் மோதுகிற கரையைப் பார்ப்பது அணையில் நல்ல பழக்கம். கடற்கரையில் அதே பழக்கத்தோடு காற்று மோதுகிற கரையில் போய் உட்கார்ந்தால் அலைதான் மிஞ்சும்.

இங்கே உள்ள கண்மாய்களிலும் அணையின் விதிதான் செல்லும். கார்த்திகையில் நிரம்பித் தளும்பும்போது வாத்தும் நீர்க்காகமும் இருக்கும், உள்ளானுக்கு நிற்க இடமிருக்காது. தை, மாசியில் தண்ணீர் ஓரம் வாங்கியதும் பொறி உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் வந்து இறங்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய கண்மாய்களே இந்த மாவட்டத்தில் நான்கு இருக்கின்றன. கடற்கரையில் புயல் எச்சரிக்கை என்றால் என் பயணத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

உப்பளத்தில் போன வாரம் ஆயிரக்கணக்கில் இருந்ததாகச் சொன்னார்கள். மழைக்குப் பிறகு போனால் ஒன்றுமில்லை. எங்கே போயின?

கால் நீளத்தைக் கணக்கில் எடுங்கள். கொசு உள்ளானின் கால் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் அதற்கு வேலையில்லை. பவளக்காலி இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீரிலும் நடக்கும். பூநாரைக்கு முழங்கால் ஆழம் சாதாரணம். வாலிநோக்கம் பக்கத்துப் பாத்திகளில் நல்ல மழை ஒன்று பெய்து அரை அடி ஏறினால் சின்னவை மொத்தமாகக் கிளம்பிவிடும், நெடுங்கால்கள் மட்டும் நிற்கும். கிளம்பியவை தூரம் போயிருக்காது. வரப்பு மேடுகள், சாலையோரத்தில் தேங்கிய மழைத் தண்ணீர், ஆட்டுக்கிடை போட்ட வெட்டவெளி, பள்ளிக்கூட மைதானம் என்று தேடிப் பாருங்கள். ஒரு கார்த்திகை மழையில் ஊர் நடுவே கிரிக்கெட் விளையாடும் பொட்டலில் நாற்பதுக்கு மேல் சிறு மணல் உப்புக்கொத்திகள் நின்றிருந்ததைப் பார்த்தேன். பையன்களே ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மழையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பறவையாகத் தெரிகிறது. எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தை விட்டுவிடுங்கள். நடையைப் பாருங்கள்.

உப்புக்கொத்திகள் கண்ணால் இரை தேடுகிறவை. ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். கண் பெரிது, மூக்கு குட்டை. உள்ளான்கள் மூக்கால் தடவித் தேடுகிறவை. தலை நிமிராமல் நடந்துகொண்டே குத்தும். கொசு உள்ளான் தையல் மிஷின் ஊசி மாதிரி விடாமல் குத்தும். பட்டைவால் மூக்கன் தன் நீண்ட, லேசாக மேல்நோக்கி வளைந்த மூக்கை முகம் சேற்றில் படும்வரை இறக்கும். கல்திருப்பி உள்ளான் பெயருக்கு ஏற்றபடி கல்லையும் கடற்புல் சருகையும் புரட்டிக்கொண்டே போகும். வாடையில் கரையெல்லாம் கடற்புல் குவிந்து அழுகும்போது அந்தக் குவியலில்தான் இருக்கும். அலை பின்வாங்கும்போது துரத்திக்கொண்டு ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடிவருகிற வெளிர் பறவை சாண்டர்லிங். இதை மட்டும் குழந்தைகூட முதல் நாளிலேயே சொல்லிவிடும்.

பறக்கும்போது இன்னும் சுலபம். இறக்கையின் பின் ஓரம் முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. இறக்கையில் பட்டை இல்லாமல் முதுகில் மேல்நோக்கிக் கூம்பிய வெள்ளை என்றால் பச்சைக்காலி. அக்குள் கறுப்பாக இருந்தால் சாம்பல் உப்புக்கொத்தி. வேறு எதற்கும் அது கிடையாது.

குரலையும் கற்றுக்கொள்ளுங்கள். மூடுமழையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் ஏழெட்டு விசில் ஒரே வேகத்தில் உருண்டு போனால் அது சின்னக் கோட்டான்.

உட்காரும் இடமும் முக்கியம். பலத்த காற்றில் எல்லாப் பறவையும் காற்றைப் பார்த்தே நிற்கும். நம் முதுகில் காற்று படும்படி உட்கார்ந்தால் லென்ஸ் நனையாது, ஆனால் எல்லாமே நம்மைப் பார்த்தபடி நிற்பதால் நெஞ்சு மட்டும்தான் தெரியும். காற்று இடப்புறமோ வலப்புறமோ வரும்படி, ஏதாவது ஒரு மறைவில் உட்காருங்கள். மூக்கு, முதுகு, கால் மூன்றும் பக்கவாட்டில் தெரியும்.

இவ்வளவு மழையில் அவை என்ன சாப்பிடும்? பட்டினி கிடக்குமா?

கண்ணால் தேடுகிறவைதான் அதிகம் கஷ்டப்படும். மழைத்துளி விழுந்து தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குதிக்கும்போதும், காற்று சிற்றலையை எழுப்பும்போதும் புழுவின் அசைவு தெரியாது. அந்த நேரத்தில் உப்புக்கொத்திகள் மேய்வதை நிறுத்திவிட்டு மணல் குழியிலோ மாட்டின் குளம்புத் தடத்திலோ வயிற்றைத் தாழ்த்தி உட்கார்ந்துவிடும். மூக்கால் தடவுகிற உள்ளானும் மூக்கனும் மழையிலும் வேலையைத் தொடரும். அடுத்த தடவை மழை வலுக்கும்போது ஒரே சேற்றில் யார் உட்காருகிறார்கள், யார் மேய்வதை நிறுத்தவில்லை என்று எண்ணிப் பாருங்கள். இந்த வித்தியாசம் உங்கள் கண் முன்னே விரியும்.

பகலில் விட்டதை இரவில் பிடிக்கும். கரையோரப் பறவைகளில் பல இரவிலும் மேய்கின்றன. மழை விட்ட இரவு எட்டு மணிக்குப் பிள்ளைமடம் ஓரமாக நடந்தால், இருட்டில் சேற்றிலிருந்து அவற்றின் பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

போகாதீர்கள். முதலிலேயே போய் உட்கார்ந்துவிட்டு அவற்றை வர விடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை, ஒரு மணல் திட்டின் மறைவில் முந்நூறு நானூறு உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் ஒட்டி நின்றன. நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போனேன். மொத்தமும் எழுந்தது. எழுந்தவை காற்றை எதிர்த்து அங்கேயே சுற்றின, இறங்கப் பார்த்தன, நான் நிற்பதைப் பார்த்து மறுபடி ஏறின. மூன்றாவது சுற்றில் காற்று அவற்றை வாரிக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. கரையில் வத்தை என்கிற சின்னப் படகை மேலே இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அதுகளுக்கு இன்னைக்கு இந்த ஒரு எடந்தான இருந்துச்சு" என்றார். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

சாதாரண நாளில் ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அவை வேறு இடம் போய் மேயும். மோசமான நாளில் வேறு இடமே இல்லை. கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவை சேமித்து வைத்திருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி எரிகிறது, மேய்ந்து ஈடுகட்டவும் முடியாது. அந்தக் கொழுப்புதான் சைபீரியாவுக்கோ திபெத் மேட்டுக்கோ திரும்பிப் போக வேண்டிய எரிபொருள்.

வழக்கமாக நூறு மீட்டர் விடுங்கள். காற்று நாளில் இன்னும் கூடுதலாக. தூங்கிக்கொண்டிருந்தவை தலை தூக்கினால், பவளக்காலி உடம்பைக் குலுக்கிக் குலுக்கித் தலையசைத்தால், கூட்டம் மெதுவாக எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நின்று, குனிந்து, அப்படியே பின்வாங்குங்கள். டிரோன் வேண்டாம். ஜீப்பை மணலில் இறக்க வேண்டாம். கூட வருகிற தெருநாய்க்கு பிஸ்கட் போட்டுச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

எந்தக் கண்ணாடி, என்ன கேமரா?

பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கு காற்றில் ஆடும். பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. ஸ்டாண்டில் வைக்கிற ஸ்கோப் இருந்தால் அதன் கால்களை நீட்டாமல், அகல விரித்து, நீங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்கு வையுங்கள். நடுக்கொக்கியில் ஒரு மணல் பையைத் தரையைத் தொடுமாறு கட்டுங்கள். அந்தரத்தில் தொங்கினால் அதுவே ஊஞ்சலாடி ஸ்டாண்டைச் சாய்க்கும்.

மழையைவிட உப்புத் தூறல்தான் எதிரி. அலைச்சாரல் லென்ஸில் காய்ந்தால் உப்புப் பொடியாகும், அதைத் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். தண்ணீர் புகாத பைனாகுலர் என்றால் முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், அப்புறம் ஒற்றி எடுங்கள். கேமரா என்றால் ஈரத்துணியால் ஒற்றுவதோடு நிறுத்துங்கள். தனுஷ்கோடியில் காற்றோடு மணலும் பறக்கும், அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது.

குடை கொண்டுவரலாமா?

வேண்டாம். காற்று அதைப் பிடுங்கும், அது படபடப்பதைப் பார்த்துப் பறவையும் போய்விடும். மங்கிய நிறத்தில் உடம்போடு ஒட்டிய மழைக்கோட்டு, காதை மூட ஒரு துண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய உலர்ந்த துண்டு இன்னொன்று. பிளாஸ்கில் சுக்குக் காப்பி. காலுக்குக் கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸை நம் சேறு பிடித்துக்கொண்டு விடாது.

ஆபத்து உண்டா?

உண்டு. மறைக்க மாட்டேன்.

இடியும் மின்னலும் இருந்தால் வெட்டவெளிச் சேற்றில் நிற்கிற மனிதர்தான் அங்கே உயரமான பொருள். முதல் இடி கேட்டதும் வண்டிக்குள் போய்விடுங்கள். ஒற்றைப் பனைக்கு அடியில் ஒதுங்காதீர்கள். மின்னலும் அதைத்தான் தேடும், காற்றில் மட்டையும் விழும்.

உளைச்சேறு கழிமுகப் பக்கத்தில் அதிகம். மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே இடுப்பளவு. உள்ளூர்க்காரர் நடந்த தடத்தில் மட்டும் நடங்கள். கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அசைவை உணர்ந்து விலகிவிடும். மிதித்தால் வால்முள் கணுக்காலில் ஏறும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டை மதியுங்கள். பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள், கவனத்தோடு போகலாம். 3-ஆம் எண் ஏறிவிட்டால் பலத்த காற்றும் மழையும் துறைமுகத்துக்கே வருகிறது என்று பொருள். அதற்கு மேல் நான் தனுஷ்கோடிப் பக்கம் தலைவைப்பதில்லை, பெரும்பாலும் சோதனைச் சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த மணல் முனையில் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அது பழங்கதையும் இல்லை: 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது.

புயல் கரை கடந்த மறுநாள் வரலாமா?

சாலை திறந்திருந்தால், ஊருக்குத் தொந்தரவாக இல்லாமல் இருந்தால் வரலாம். முதலில் வீடு இழந்தவர்களுக்கும் மின்கம்பம் நடுகிறவர்களுக்கும் வழி விடுங்கள். அந்த நாட்களில் நடுக்கடலிலேயே வாழ்கிற ஆலாக்கள் கரையோரத்தில், சிலசமயம் சாலை நடுவில்கூட, களைத்து உட்கார்ந்திருக்கும். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து நம் கரையோரத்திலேயே நகராமல் நின்றது போன்ற சமயத்தில் மழை ஓய ஒரு வாரம் ஆகும். அதுவரை கரையைவிட வயல்வெளியில்தான் உள்ளான் அதிகம் இருக்கும்.

இந்தக் கரைக்கென்றே சிறப்பான பறவை எது?

நான் மூன்றைச் சொல்வேன்.

நண்டுதின்னி. உடம்பு வெள்ளை, முதுகு கறுப்பு, ஆலாவின் மூக்கைப் பெரிதாக்கி ஒட்டியதுபோலத் தடித்த கறுப்பு மூக்கு. கரைப்பறவைகளிலேயே இது ஒன்றுதான் மணலில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும். அரபிக்கடலின் மேற்குக் கரைகளிலும் பாரசீக வளைகுடாவிலும் இனப்பெருக்கம் செய்கிற இந்தப் பறவை, மண்டபத்துக்கு எதிரே உள்ள மனோலித் தீவுப் பக்கம் வந்து தங்குகிறது.

கிரேட் நாட். பார்வைக்குப் பருமனான ஒரு சாம்பல் உள்ளான், அவ்வளவுதான். வடகிழக்கு சைபீரியாவிலிருந்து வருகிறது. 2006-இல் தென் கொரியாவின் செமாங்கம் கடற்சுவர் மூடப்பட்டபோது, வழியில் இறங்கி இரை எடுக்கும் பெரிய சேற்று நிலம் பறிபோய், இதன் தொகை வெகுவாகக் குறைந்தது. எங்கோ கொரியாவில் கட்டிய சுவருக்கு இங்கே நம் கரையில் கணக்குக் குறைகிறது. மழையில் ஒன்றே ஒன்று நின்றாலும் நான் நெடுநேரம் பார்ப்பேன்.

மூன்றாவது, எங்கும் போகாத சின்னப் பறவை. கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்து எண்ணிவந்த நம் ஊர்க் குட்டி உப்புக்கொத்தியை 2023-இல் தனி இனமாகப் பிரித்து ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. நடுவில் இருக்கிற ராமர் பாலத்தை நினைத்து வைத்த பெயர். வாடையோ கச்சானோ, அதற்கு இதுதான் வீடு. கோடையில் உப்பள மேட்டிலும் கடற்கரை மணலிலும் ஒரு குழியில் முட்டையிடும், கூடு என்று ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கினால் காலடியில் நொறுங்கிவிடும்.

பூநாரை எப்போது வரும்?

மழை ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் ஜனவரியிலிருந்து. தனுஷ்கோடியில் அதற்கென்றே 2025 ஜூனில் ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அடைமழையில் அதை எதிர்பார்த்து வர வேண்டாம்.

தீவுகளுக்குப் படகில் போய்ப் பார்க்க முடியுமா?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தெரிந்த படகுக்காரர் கூப்பிட்டாலும் போகாதீர்கள், பிடிபட்டால் அவருடைய பிழைப்புதான் போகும். வாடையில் படகுப் பயணம் வேண்டும் என்றால் காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறது. காற்று பலமாக இருந்தால் அன்று ஓட்ட மாட்டார்கள்.

காலில் வளையமோ கொடியோ கட்டிய பறவையைப் பார்த்தால்?

எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்தும் எண்ணும் என்ன என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். படம் கிடைத்தால் நல்லது, அதற்காகத் துரத்த வேண்டாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980-களிலேயே இந்தக் கரையில் வளையமிட்டு ஆராய்ந்தவர். இங்கே உள்ள கரைப்பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த உழைப்பிலிருந்து வந்தது.

பொங்கல் விடுமுறையில் வருகிறவர்கள் நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். மழையில் எண்ணிய எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. காற்று, மழை எப்படி இருந்தது என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

களைத்துப்போன பறவை கரையில் கிடந்தால் எடுக்கலாமா?

முதலில் தூர நின்று பாருங்கள். பெரும்பாலானவை ஓய்வெடுக்கின்றன, நாயையும் காக்கையையும் விரட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காவல் இருந்தால் தானே எழுந்து போகும். இறக்கை உடைந்தது தெரிந்தால், துணியை மேலே போர்த்தி மெதுவாக எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. தூறல் நாளில், காருக்குள் இருந்தபடியே தனுஷ்கோடிச் சாலை ஓரமாக. காரே நல்ல மறைவு, பறவைகள் அதற்குப் பயப்படுவது குறைவு. சாண்டர்லிங்கில் இருந்து தொடங்குங்கள்.

வைகாசி, ஆனியிலும் சில உள்ளான்கள் நிற்கின்றன. வழி தவறியவையா?

இல்லை. அநேகமாக முதல் வருடப் பறவைகள். பல இனங்களில் இளசுகள் முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. முட்டையிடும் வயது வரவில்லை, அவ்வளவு தூரம் எதற்கு என்று இங்கேயே தங்கிவிடும். தூரம் என்றால் எப்படிப்பட்ட தூரம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2022-இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. பெரும்பாலான கரைப்பறவைகள் வாத்தைப்போல நடுக்கடலில் மிதந்து இளைப்பாறுவதில்லை, கரை வந்தால்தான் உண்டு.

நம் மூக்கன்களின் பாதை வேறு, ஆனால் அதே உடம்புதான். ஆனியில் கச்சான் ஊளையிடும் ஒரு நாளில் பிள்ளைமடம் பக்கம் வந்து பாருங்கள். சிவப்பு ஏறாத சாம்பல் உடுப்போடு பத்துப் பதினைந்து நிற்கும், ஒற்றைக் காலில், மூக்கை முதுகு இறகில் செருகி, நெஞ்சை மேற்கே காட்டிக்கொண்டு.